பில்னாம் வீட்டு வாசக்கதவு

பக்கத்து வீட்டு பில்னாம் மேல எனக்கு ஏழு வருஷமா சந்தேகம். அவ புருஷன் தேபோங் மீன் பிடிக்கப் போன படகு திரும்பல. கூடப் போன நாலு பேரு பொணம் கரை ஒதுங்குச்சு. அவனோடது மட்டும் இல்ல. காரியத்தப் பண்ணிடுன்னு ஊரே சொல்லுச்சு. "உடம்பப் பாக்காம எதுக்கு அழணும்? அவரு வருவாரு"ன்னுட்டா. ஒரு சொட்டு கண்ணீர் விடல.

கணவாய் மீனக் கிழிச்சு காயப்போடுறது அவ பொழப்பு. நான் ஒண்ணு கிழிக்கிறதுக்குள்ள அவ மூணு முடிச்சிருவா. வாய்தான் திறக்க மாட்டா. வாரத்துக்கு ஒருக்கா ஆம்பள ரப்பர் செருப்ப நல்லா தேச்சுக் கழுவி வாசப்படியில வைப்பா. போடாத செருப்பு எப்படி அழுக்காகும்? அவன் எங்கயோ ஒருத்திய வச்சுக்கிட்டு இங்கயும் திருட்டுத்தனமா வந்து போறான்னு நெனச்சேன். எத்தனையோ நாள் வேலியோரம் நின்னு காது குடுத்திருக்கேன். ஒரு இருமல் சத்தம் கேக்கல. அதுவும் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

என் தம்பி கில்சூ பொண்டாட்டி செத்தவன். கட்டுனா பில்னாமத்தான் கட்டுவேன்னு நின்னான், அது ஊருக்கே தெரியும். "அக்கா, தோங்ஜிக்குள்ள அவ மனசக் கேட்டுச் சொல்லு. இல்லன்னா தரகர் சொல்ற பொண்ணுக்குத் தலையாட்டிடுவேன்"னான்.

தோங்ஜின்னா வருஷத்துலயே நீளமான ராத்திரி வர்ற நாள். அன்னிக்கு எல்லா வீட்லயும் மாவு உருண்டை போட்ட செகப்புப் பயறு கஞ்சிதான். அறைக்கு ஒரு கிண்ணம் வச்சுட்டு, பைன் கொப்புல தொட்டு வாசக்கதவுல தெளிப்போம். செத்தது எதுவும் அந்தச் செகப்பத் தாண்டி உள்ள வராது. நானும் தெளிச்சுட்டு, மிச்சக் கஞ்சியோட காலையிலயே அவ வீட்டுக்குப் போனேன்.

அறைக்குள்ள, தரைக்கடியில அடுப்புச் சூடு ஏறுற மூலையில ஒரு கிண்ணம், பக்கத்துல கரண்டி. படியில செருப்பு. கதவப் பாத்தா காஞ்சு கெடக்கு, ஒரு சொட்டு செகப்பு இல்ல.

"ஏண்டி தெளிக்கல?"

"பயறு பத்தல அக்கா."

எட்டிப் பாத்தேன். பானையில பாதிக் கஞ்சி கெடக்கு.

"பாத்தா பத்தாத மாதிரி தெரியலயே. சரி, என்னோடதத் தெளிக்கிறேன்"னு கொப்ப நனைச்சு கதவுல வீசுனேன்.

ஓடி வந்தா. பாவாடையத் தூக்கி அழுத்தி அழுத்தித் தொடச்சா. கதவு இடுக்குல போன உருண்டையக்கூட நகத்தால நோண்டி எடுத்தா.

எனக்கு அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. "உசுரோட இருக்கிறவன் கஞ்சிக் கறையப் பாத்தா திரும்பிப் போயிருவானா?"

அவ கை நின்னுச்சு. "தெரிஞ்சுக்கிட்டியே, போதும். உன் தம்பிகிட்ட சொல்லிடு."

"என்னன்னு சொல்ல?"

"வீட்ல ஆளு இருக்குன்னு."

தம்பிய தரகர் வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஏன்னு கேட்டான், சொல்லல.

வீட்டுக்கு வந்து என் கதவப் பாத்தேன். தெளிச்சது அங்கங்க காஞ்சு உதிர்ந்திருந்துச்சு. பானைய வழிச்சு இன்னும் ரெண்டு கை கெட்டியா அப்புனேன். என் புருஷன் உசுரோட இருந்தப்ப குடுத்த அடியே போதும்.