மேற்படி தெரியாத மெஷின்

என் மாமனார் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டைப் அடிப்பதில் அவருக்குக் கர்வம் உண்டு. வீட்டிலிருந்தே வானொலியில் வெளிநாட்டவரோடும் பேசும் ஹாம் ரேடியோவுக்கு நான் லைசென்ஸ் வாங்கியபோது, ஏற்காட்டு வீட்டுக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்ட ஆள் பிடித்துத் தந்தவரும் அவர்தான். மருமகள் மைக்கைப் பிடித்து ஜப்பான்காரனோடு பேசுகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு போட்டியில் கலந்துகொண்டேன். குறித்த நேரத்துக்குள் எத்தனை ஹாம் நிலையங்களோடு பேசுகிறோமோ அதற்கேற்ப மதிப்பெண். பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: அலைவரிசை, தேதி, நேரம், பிறகு அவருடைய அழைப்புக்குறி, அதாவது லைசென்ஸோடு கொடுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர். முன்பெல்லாம் அதைத் தாளில் எழுதித் தபாலில் போட்டால் போதும். அந்த வருஷம் கம்ப்யூட்டரில் அடித்து ஈமெயிலில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். வரி எப்படி இருக்க வேண்டும் என்ற விதிமுறையும் வந்திருந்தது.

வீட்டில் என் கணவர் வாங்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

"நீ பேசிப் பேசித் தொண்ட கட்டிக் கெடக்கற கண்ணு. டைப்பு வேலைய எங்கிட்ட உடு" என்று மாமனார் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். விதிமுறைத் தாளைக் கொடுத்தேன். "டைப் அடிக்கறத எனக்கே சொல்லித் தராங்களா?" என்று படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் இன்டர்நெட் வராத காலம். அவர் அடித்து முடித்ததை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு இருவரும் சேலத்துக்கு பஸ் ஏறினோம். பிரவுசிங் சென்டரில் இருந்த பெண் அனுப்பிக் கொடுத்தாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. ஏறக்குறைய எல்லா வரியும் தப்பு.

"அதுக்குள்ள ஆரு படிச்சாங்க?" என்றார் மாமனார்.

"ஆளு இல்லீங்க மாமா. மெஷினே படிச்சுச் சொல்லுதுங்க."

திரையைப் பார்த்தேன். முதல் வரியில் பிள்ளையார் சுழி. வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் இல்லாததால், பார்க்க அதே மாதிரி இருக்கும் இரண்டு என்ற எண்ணைப் போட்டிருந்தார். தேதி முதல் பதிவில் மட்டும். கீழே எல்லாம், ஆபீஸ் கணக்கில் 'மேற்படி' என்பதற்குப் போடும் இரட்டைக் கோடு. ஒன்று என்ற எண் வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கிலச் சின்ன எல். அவர் பழகிய டைப்ரைட்டரில் ஒன்றுக்குத் தனிக் கட்டை கிடையாது, அந்த எல் எழுத்தைத்தான் தட்டுவார்கள்.

"மேல இருக்கறதுதான் கீழயும்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே, இதுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க மாமா."

முகம் வாடிவிட்டது. அவர் டைப் அடித்த காகிதத்தை எந்த மேனேஜரும் திருப்பிக் கொடுத்ததில்லை. "நா வேணா இங்கிலீஷ்ல ஒரு கடிதாசி போடட்டுமா? மரியாதையா எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

சென்டர் பெண் சிரித்தேவிட்டாள். "ஏனுங்கய்யா, அந்தக் கடிதாசியும் தப்புன்னுதானுங்க பதில் வரும்!"

நான் பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன். அவரும் சிரித்துவிட்டார். பிறகு பையிலிருந்த தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக முழுக்கப் படித்தார்.

நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் அங்கேயே திருத்தி அடித்தார். ஒவ்வொரு வரியிலும் தேதி முழுசாக. எல் இருந்த இடமெல்லாம் ஒன்று என்ற எண் வந்தது. கடைசியாக மேலே பிள்ளையாருக்கு வந்தபோது மட்டும் கை நின்றது.

"இவரையும் எடுக்கோணுமா கண்ணு?"

விதிமுறையில் தேடினேன். போட்டியாளர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள ஒரு குறிப்பு வரி இருந்தது. பிள்ளையாரை அங்கே குடியேற்றினோம். "நொம்ப நல்லவிங்களாத்தான் இருக்கறாங்க" என்றார். அனுப்பினோம். இந்த முறை ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து முடிவுகள் வந்தன. பட்டியலில் எங்கேயோ கீழே இருந்தேன். ஓர் அழைப்புக்குறி தவறென்று நீக்கியிருந்தார்கள். மாமனார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது என் டைப்புத் தப்பா, உன் காதுத் தப்பா?"

போட்டியில் பேசும்போதே நான் பென்சிலில் எழுதியிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே தப்பு.

"என் காதுதாங்க மாமா."

"அப்படியா, பரவால்ல கண்ணு" என்றார், மனசார.