ஒரிஜினல் வாங்காமல் எழுந்திருக்கவில்லை

எனக்கு எழுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்கு எழுத வருவது என் பெயர் மட்டும். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுவேன். அந்தக் கையெழுத்தால் வந்த வினையை நான் சொல்லச் சொல்ல, சென்னையிலிருந்து லீவுக்கு வந்த பேத்தி எழுதுகிறாள்.

நாங்கள் குடியிருக்கும் தெலுங்கு ஊரில், மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய சமயம். ஊரைச் சுற்றி இருந்த வயலெல்லாம் இன்ஜினியரிங் காலேஜாகிக்கொண்டிருந்தது. என் கடைசி மகள் நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கியிருந்தாள். அரசாங்கக் கல்லூரியில் இடம் நிச்சயம். வீட்டுக்காரர் ரிட்டயராகி வாங்கிய பென்ஷனில் அந்த ஃபீஸைத்தான் கட்ட முடியும். கவுன்சலிங்குக்குக் காத்திருந்தோம். அதற்குள் ஒரு தனியார் கல்லூரியின் ஆள் காலனியில் வீடு வீடாக வந்தான். மகள் வெளியே போயிருந்தாள். வாசலுக்கே பஸ் வரும், படிப்பு முடிவதற்குள் வேலை என்றான். சும்மா பெயரைப் பதிந்து வைப்போம், சர்டிஃபிகேட் கொடுங்கள் என்றான். ஃபைலோடு கொடுத்தேன். ஒரு காகிதத்தை நீட்டி, கைநாட்டா என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. பேனாவை வாங்கி முழுப்பெயரையும் எழுதினேன்.

மகள் வந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒரிஜினலயா குடுத்த? ஜெராக்ஸ் குடுக்கக் கூடாதாம்மா?"

ஒரிஜினல் இல்லாமல் கவுன்சலிங்கில் சேர்க்க மாட்டார்கள். ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாளே அந்தக் கல்லூரிக்குப் போனேன். சேர்ந்தாயிற்று, விலகினால் நாலு வருஷ ஃபீஸையும் கட்ட வேண்டும் என்றார் கிளார்க். என் கையெழுத்தை எடுத்துக் காட்டினார். என்னுடையதுதான் என்றேன். படிக்கப் போகிறவள் மகள், அவள் கையெழுத்து எங்கே என்று கேட்டேன். அவர் ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களிடமெல்லாம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்: ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் காட்டுங்கள். முதல் நாள் இரண்டு குடும்பம் திரும்பிப் போனது. இரண்டாம் நாள் எனக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள். நக்கோ, வேண்டாம் என்று வாசலிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் கிளார்க்கே ஃபைலோடு வெளியே வந்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு கும்பிடு. எந்திரிங்க."

"நான் கையெழுத்துப் போட்ட காகிதம்?"

அதையும் கொண்டுவந்து கொடுத்தார்.

மகள் அரசாங்கக் கல்லூரியில்தான் படித்தாள். ஊர் ஜனம் கட்டும் வரியில் நடக்கிற இடம். அவள் பரீட்சை எழுதி வாங்கிய இடம். அதை எவனோ வாசலில் நின்று பிடுங்கிப் போக விடுவேனா?

அன்றிலிருந்து படித்துக் காட்டாத காகிதத்தில் நான் பேனா வைப்பதில்லை. பேத்தி இதன் அடியில் கையெழுத்துப் போடச் சொல்கிறாள்.

"முதல்லேர்ந்து படிச்சுக் காட்டுடி. அப்புறம் போடறேன்."