திறந்து கிடந்த கூண்டு

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் நெடி அடித்ததும், மானும் மயிலும் ஒவ்வொன்றாகப் போய்விட்ட என் சின்ன வயது டவுன் பூங்காவில், மிஞ்சியிருந்த கிழட்டுச் சிறுத்தை பினாயில் ஊற்றிக் கழுவிய சிமெண்டுத் தரையை வாலால் தட்டும் ஓசை காதில் விழுந்தது.

ஒரு கோடையில் அதன் கூண்டும் திறந்து கிடந்தது. "மெட்ராசுக்கு லாரில ஏத்திட்டுப் போயிட்டாக" என்றார் காவலாளி.

அம்மா நம்பவில்லை. "பஞ்சத்துல தீனியில்லைன்னா நாமளே மாட்ட அவுத்து விட்டுர்றோம். அவுகளும் நம்ம கருவேலங்காட்டுலதான் விட்டிருப்பாக."

அப்பா சிரித்தார். ஆனால் வீடு வந்ததும், வெளியே கட்டும் ஆடுகளை உள்ளே கொண்டுவந்து என் தலைமாட்டில் கட்டினார். விளக்கை அணைத்தபின் அவை அசைபோடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன்; அது நிற்கும்போதெல்லாம், கதவுக்கு அந்தப்புறம் வால் தட்டுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.