முப்பத்தாறு பிள்ளையாரும் ஒரு படச்சட்டமும்

கைவேலையில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளே கிடையாது என்று ஒன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நம்பிக்கை இன்னும் முழுசாகப் போகவில்லை. காரணம், எங்கள் குனோங் ராபாட் வீட்டு ஹாலில் தொங்கிய காகிதப் படச்சட்டம் ஒன்று.

அப்பாவின் தங்கையான என் அத்தை அப்போது எங்களோடுதான் இருந்தார். அவருக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றுபோய் ஏழு மாதம். வேலையை விடச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். முடியாது என்றார் அத்தை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. எனக்குச் சொல்லியிருந்தது, தேதி தள்ளிப் போயிருக்கிறது என்பது மட்டும். விருந்தாளி யாராவது வாசல் கேட்டைத் திறந்தால் போதும், அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் கேரம் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். எனக்கு எரிச்சலாக வரும்.

பட்டமளிப்பு அங்கியில் அத்தை சிரிக்கும் படம் ஒன்று மேசை லாச்சிக்குள் சும்மா கிடந்தது. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் அவர்தான். அதற்கு ஒரு சட்டம் செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன். செய்முறையை அம்மாவின் கைப்பேசியில் பார்த்திருந்தேன். நல்ல தாள்தான் இல்லை.

தாள் அலமாரி மேல் இருந்தது, கொடுக்காமல் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளாக. மினுமினுக்கும் தாள், தங்க எழுத்து, அட்டையில் பிள்ளையார், நான்கு மூலையிலும் அம்மா தடவிய மஞ்சள். பிள்ளையாரையும் மஞ்சளையும் குப்பையில் போட யாருக்குக் கை வரும்? எரிக்கவும் மனம் வராது. அதனால் அந்தப் பை கண்ணில் படாதது போலவே வீட்டில் எல்லோரும் நடமாடினார்கள். ஒரு சனிக்கிழமை, அம்மாவும் அப்பாவும் கோயிலுக்கும் அத்தை வேலைக்கும் போன நேரம் பார்த்து, நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினேன்.

உள்தாள்களை, இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சியில் சுற்றிக் குழாய் குழாயாக உருட்டி, பிஸ்கட் பெட்டி அட்டையில் நெருக்கி ஒட்டினேன். முதல் வரிசை கோணிக்கொண்டது. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன். பிள்ளையாரை வீணாக்கக் கூடாது என்கிற அறிவு எனக்கும் இருந்தது. முப்பத்தாறு பிள்ளையாரையும் கத்தரித்துச் சாமி மேடையில் வரிசையாக நிறுத்தினேன். படத்துக்குக் கீழே பெயர் வேண்டுமே! பத்திரிகையிலேயே அத்தையின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு பெயரை வெட்டிப் போட்டுவிட்டு, அத்தை பெயரை நட்டநடுவில் ஒட்டினேன்.

கோயிலிலிருந்து வந்த அம்மா முதலில் பார்த்தது பிள்ளையார் கூட்டத்தை. அடுத்துச் சட்டத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி வருவதற்குள் அதை உள்ளே வைக்கும்படி அப்பா அம்மாவிடம் கிசுகிசுத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதற்குள் வாசலில் அத்தையின் மோட்டார் வந்து நின்றது.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அத்தை சட்டத்தை வாங்கிப் பார்த்தார். விரல் பெயரின் மேல் நின்றது.

"பக்கத்துல இன்னொரு பேரு இருந்துச்சே, அது எங்கேம்மா?"

"குப்பையில போட்டுட்டேன் அத்தே. படத்துல நீங்க மட்டுந்தானே இருக்கீங்க."

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அத்தனை நாளில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

"அண்ணே, ஒரு ஆணி எடுங்கலா. டிவிக்கு மேல மாட்டலாம்."

அறைக்குள்ளேயே மாட்டலாமே என்று அம்மா மெல்ல இழுத்துப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை. ஹாலில்தான் மாட்டினார்கள்.

மறுநாள் சிலிபினிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதே பத்திரிகை வாங்கியவர்கள். அத்தை அறைக்குள் போகவில்லை. சட்டத்துக்கு நேர் கீழே என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தேநீர்க் கோப்பை கையில் இருக்க, ஒருவர் வாயிலிருந்தும் பேச்சு வரவில்லை.

"என் மருமக செஞ்சது," என்றார் அத்தை. "நல்லா இருக்குல்ல?"

என் வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் இப்படி வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளை எப்படி உருட்ட வேண்டும், எந்தப் பசை நல்லது என்று ஒன்று விடாமல் அவர்களுக்கு விளக்கினேன். நான் பேசி முடிக்கும் வரை அத்தை என் கையை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.