சுண்ணாம்பு தடவாத அக்கானி

நான் மிஷன் பள்ளி ஆசிரியன், கூச்ச சுபாவம். வயிற்றுப்புண் இருப்பதால் தேயிலை, காப்பி, காரம் எதுவும் கூடாது. கள் தொடுவதில்லை என்று ஆலயத்தில் கையெழுத்திட்டும் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் கடியப்பட்டணத்திலிருந்து புதுக்கடைக்குச் சைக்கிளில் மதுவிலக்குச் சங்கக் கூட்டத்துக்குப் போவேன். வழியில் குடிக்க மலிவானது அக்கானி என்கிற பதநீர்தான்.

ஒருநாள், சுண்ணாம்பு வயிற்றை எரிக்குமோ என்று பயந்து, சுண்ணாம்பு தடவாத கலயத்திலிருந்து கேட்டு வாங்கிக் குப்பியில் அடைத்தேன்.

"உடனே குடிச்சிரணும், சாரே" என்றார் பனையேறி. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு மணி நேரம் வெயிலில் மிதித்து, கூட்ட வாசலில் குடிப்பதற்காகக் குப்பியைத் தொட்டதும் அடைப்பு படாரென்று தெறித்தது. நுரை என் சட்டையெல்லாம் வழிந்தது.

"இது கள்ளாக்கும்! மாதிரி காட்டக் கொண்டாந்தியளா சாரே?" என்று சங்கச் செயலாளர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

புளிக்காமல் காக்கும் சுண்ணாம்பு இல்லாததால், வெயிலில் பதநீர் கள்ளாகிவிட்டிருந்தது. ஒரு மடக்கு குடித்திருந்தால் என் வாக்கு போயிருக்கும். உள்ளே போய், நடந்ததை நானே சபைக்குச் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசியது அதுவே முதல் தடவை. கை தட்டினார்கள்.

இப்போது உப்பிட்ட கஞ்சித்தண்ணீரும் அவித்த மரச்சீனிக் கிழங்கும்தான் கொண்டுபோகிறேன். செலவும் குறைவு, வயிறும் எரிவதில்லை. போன வாரம் நாற்பத்தாறு வயதில் புதுக்கடை வரைக்கும் எங்கும் இறங்காமல் மிதித்துப் போய்ச் சேர்ந்தேன்.