விருந்தாளித் தகடு

சுவிஸ் நகரான ஆராவுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஊர்களின் தீயணைப்புப் படைகள் 2009இல் ஒன்றாக்கப்பட்டபோது, தவச்செல்வன் முதல் நாளே தொண்டனாகப் பெயர் கொடுத்தான். பகலில் பேக்கரி வேலை. அழைப்பு வந்தால் மா படிந்த கையோடு ஓடுவான்.

புகைக்குள் போகிறவர் தன் பெயர்த் தகட்டை வெளியே உள்ள பலகையில் கொழுவ வேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று நேரத்தோடு தாளில் பதிவார். தகடு இல்லாதவர் உள்ளே போகக் கூடாது. தவச்செல்வனின் நீளமான பெயர் தகட்டில் அடங்காதாம். அயலூரிலிருந்து உதவிக்கு வருவோருக்கான 'விருந்தாளி' தகட்டைத் தளபதி பீட்டர் அவனிடம் நீட்டினார்.

"இப்போதைக்கு இது" என்றார்.

அந்த 'இப்போதைக்கு' பத்து வருடம் நீண்டது.

2019இல் பத்தாண்டு நிறைவுப் புத்தகம் வந்தது. அவனுடைய அக்கா சிவகலா அதை வரி வரியாகப் படித்தாள். தொடக்க உறுப்பினர் இருபத்திரண்டு பேர். தம்பியின் பெயர் இல்லை. படையின் முதல் பெரிய தீ, 2009 ஆகஸ்ட் 14, மாட்டுத் தொழுவம்: 'அயலூர் வீரர் ஒருவர் முதியவரைத் தூக்கி வந்தார்.'

"ஆரடா இந்த அயலூர்க்காரன்?"

"விடக்கா. பலகைத் தாளைப் பாத்து எழுதியிருக்கினம்."

"பத்து வருசமா விருந்தாளியெண்டு கொழுவ விட்டிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனியோ? விருந்தாளிக்கு ஒரு தேத்தண்ணியாவது தந்தவங்களோ?"

அவள் அந்த வருடத்துப் பழைய நாட்காட்டியை எடுத்து வந்தாள். ஆகஸ்ட் 14க்குக் கீழே அவளுடைய எழுத்து: 'தம்பி 3.10க்கு ஓடினான். சட்டை மூன்று தரம் தோய்த்தும் புகை மணம்.' தவச்செல்வன் அதை இரண்டு தடவை வாசித்தான்.

சனிக்கிழமை ஊர் முன்னிலையில் பத்தாண்டு விழாவுக்கான புகைப் பயிற்சி. பீட்டர் முகமூடியை நீட்டினார். தவச்செல்வன் வாங்கவில்லை.

"எனக்குத் தகடு இல்லை."

"அதோ இருக்கிறதே."

"அது அயலூர்க்காரனுடையது. தகடு இல்லாதவன் உள்ளே போகக் கூடாது. நீங்கள் வைத்த விதி."

சிவகலா முன்னால் வந்து நாட்காட்டியைத் தளபதியின் கண்ணுக்கு நேரே பிடித்து, ஆகஸ்ட் 14இன் கீழிருந்த 3.10ஐ விரலால் காட்டினாள். அவர் முகம் சிவந்தது. தகட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் முழுப் பெயரையும் பேனாவால் எழுதினார்.

"புத்தகத்திலும்" என்று அதையும் நீட்டினாள் சிவகலா.

அங்கேயே 'அயலூர் வீரர்' என்பதை வெட்டி, மேலே பெயரை எழுதினார். தொடக்க உறுப்பினர் பட்டியலில் இருபத்துமூன்றாவதாகவும் எழுதினார். பிறகுதான் தவச்செல்வன் தகட்டைக் கொழுவி, முகமூடியை மாட்டினான்.

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. பலகைத் தாளைப் பார்த்து, தன் நாட்காட்டியில் அந்தப் பழைய குறிப்புக்குக் கீழேயே குறித்தாள்: 10.42, தம்பி உள்ளே போனான்.