ஓட்டைக் காலணா

துபாயில் விசாவுக்காக வருகிறவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அன்று டியூட்டி முடியும் நேரமாகியும் வரிசை குறையவில்லை. இடுப்பு விட்டுப்போய், யார் முகத்தையும் பார்க்காமலே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவரின் படத்தில், கழுத்துக்குழிக்குக் கீழே ஓட்டையோடு ஒரு வெள்ளை வட்டம் விழுந்திருந்தது.

“எல்லாத்தையும் கழட்டச் சொன்னேன்ல? காது கேக்காதா?” என்று கத்தினேன்.

அவர் பயந்துபோய்க் கழுத்துக் கயிற்றைக் காட்டினார். அதில் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டைக் காலணா ஒன்று தொங்கியது.

“எம் மக கழுத்துல கெடந்தது சார். கெளம்புறப்ப எனக்குக் கட்டிவிட்டா. அவ போட்ட முடிச்சு, அவுக்க மனசு வரல.”

கயிறு தலைவழியே வராது; முடிச்சை அவிழ்க்க நேரம் பிடிக்கும். கத்தரியை எடுத்து முடிச்சோடு சேர்த்து வெட்டினேன். அடுத்த படம் சுத்தமாக வந்தது.

தரையில் விழுந்த முடிச்சைப் பொறுக்கி, காலணாவோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“பரவால்ல சார். விசாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்கத்தான் அந்தக் காசில் வெள்ளைக்காரன் ஓட்டை போட்டான் என்று பின்னால் படித்தேன். நான் மிச்சம் பிடித்தது ஒரு நிமிடம்.